மான்செஸ்டரில் சும்மா கிடந்த பணம்

அத்தா,

இன்று காலை ராசிபுரம் தபாலாபீசில் யாரோ பதிவுத் தபாலுக்கு அரக்கு உருக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வந்த வேலை மறந்துபோயிற்று. மான்செஸ்டரில் நான் சாயத்தொழில் படித்த காலத்தில் நீங்கள் அனுப்பிய உறைகளில் இதே வாசனைதான் இருக்கும். அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி கொண்டுவந்து கொடுத்ததும் முதலில் உறையை முகர்ந்து பார்ப்பேன். உள்ளே இருக்கும் டிராப்டைப் பிறகுதான் எடுப்பது.

படிப்புக்கான சம்பளத்தைச் சர்க்கார் கட்டியது. சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் நீங்கள். நெய்க்கடையைப் பூட்டிவிட்டு, பஸ் பிடித்துச் சேலம் போய், பேங்கில் ரூபாயைக் கட்டிப் பவுனில் டிராப்ட் வாங்கி அனுப்புவீர்கள். கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "நெய் நல்லா ஓடுது. காசப் பத்தி ரோசன பண்ணாத கண்ணு."

நான் புறப்படும்போது நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வட்டி வாங்கறதும் ஹராம், குடுக்கறதும் ஹராம். சீமைக்குப் போயி அத மறந்துறாத." நான் மறக்கவில்லை. பேங்கில் கணக்குத் திறந்த அன்று, பணம் கிடக்கிற நாளுக்கெல்லாம் வட்டி சேரும் என்று மேனேஜர் ஆசை காட்டினார். எனக்கு வட்டி வேண்டாம், போட்ட பணம் மட்டும் இருந்தால் போதும் என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தலைகால் புரியாத பெருமை. அன்றைக்கே உங்களுக்கு நாலு பக்கம் எழுதினேன். நாலு பக்கத்திலும் நான்தான் இருந்தேன்.

அதன்பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மிச்சம் பிடிக்கத் தொடங்கினேன். பாதி நாள் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான். அறைக் கணப்புக்குத் தனியாகக் காசு போட வேண்டும் என்பதால் கோட்டோடு படுத்துக்கொள்வேன். கணக்கில் பணம் ஏறிக்கொண்டே வந்தது. உங்களிடம் மூச்சு விடவில்லை. ஊருக்கு வந்ததும் மொத்தமாகக் கையில் கொடுத்து உங்களைத் திக்குமுக்காட வைக்க வேண்டும் என்று ஆசை. சொன்னால் அடுத்த டிராப்ட் சிறுத்துவிடுமோ என்ற பயமும் கொஞ்சம் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

படிப்பு முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குச் சேர்ந்து போனோம். எப்போதும் முன் வரிசையில் நிற்கும் நீங்கள், செருப்புகளுக்குப் பக்கத்தில் கடைசி வரிசையில் போய் நின்றீர்கள். கேட்டதற்கு, "இங்கதான் காத்து வருது" என்றீர்கள். வீடு திரும்பிச் சாப்பிட உட்காருமுன், மிச்சம் பிடித்து ரூபாயாக மாற்றி வைத்திருந்த பணத்தையெல்லாம் எடுத்து உங்கள் முன்னால் வைத்தேன். பாராட்டுக்காகக் காத்திருந்தேன். நீங்கள் பணத்தைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். பிறகு அதைத் துண்டில் முடிந்துகொண்டு, போட்ட சோறு போட்டபடி இருக்க, தெருவில் இறங்கி நடந்துவிட்டீர்கள்.

அம்மாதான் சொன்னார்கள். "ஏங்கண்ணு, இத்தன பணமும் அங்க சும்மாவா கெடந்துச்சு? இங்க நெய் வெல உழுந்து கட ஓடல. உங்கத்தா வட்டிக்கு வாங்கியில்ல உனக்கு அனுப்புனாங்க. வட்டி வேண்டாம்னு நீ எழுதுன காயிதத்தக் கடையில எல்லாத்துக்கும் வாசிச்சுக் காட்டுனாங்க. கடன் குடுத்தவரும் அங்கதான் உக்காந்து கேட்டுட்டு இருந்தாராமா. அந்த வாரத்துல இருந்து பள்ளிவாசல்ல முன்னால நிக்கறதில்ல."

நான் வட்டி வாங்காமல் பூட்டி வைத்திருந்த அதே பணத்துக்கு நீங்கள் இங்கே வட்டி கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

கடனை அடைத்துவிட்டு நீங்கள் திரும்பியதும், "ஏனுங்கத்தா எனக்கு எழுதல?" என்றேன்.

"எழுதுனா நீ படிப்ப உட்டுப்போட்டு ஓடியாந்துருவ. நீ மட்டும் மிச்சம் புடிக்கறத எங்கிட்டச் சொன்னியாக்கும்? ரெண்டு பேருமே கமுக்கமான ஆளுக, போ" என்று சிரித்தீர்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் அத்தா. திட்டியிருந்தால் கொஞ்சமாவது ஆறியிருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை முன் வரிசைக்குப் போனீர்கள். பழைய இடத்தில் நின்றவர் நகர்ந்து வழி விட்டார். ஆனால் அந்த மழைக்காலம் முடியுமுன் விஷக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோயிற்று. பணம் போதும், இனி அனுப்ப வேண்டாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால், நீங்கள் அத்தனை வெள்ளிக்கிழமைகள் கடைசி வரிசையில் நின்றிருக்க வேண்டியதில்லை. அந்த ஒரு வரி எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஊரில் எனக்கு இன்னும் நல்ல பெயர்தான். போன வாரம் ஜும்மா முடிந்து வெளியே வரும்போது, மளிகைக்கடைக்காரர் ஒருவர் தம்மோடு வந்த விருந்தாளிக்கு என்னைக் காட்டினார். "வெள்ளக்காரன் குடுத்த வட்டிய வேண்டாம்னு சொன்ன மனுசன் இவருதானுங்க. யாரு வளத்த புள்ளைங்கறீங்க!"

தலையைக் குனிந்துகொண்டேன். அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள், அத்தா.