கொழுந்து மலையில் ஆடிய ஆறு நாடுகள்

நேற்று ஹட்டன் கடையில் கருவாடு வாங்கினேன். முதலாளி பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், எண்ணெய் ஊறிய தாளில் ஒரு பந்தாட்டக்காரன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறான். எந்தக் கண்டத்துக் கோப்பையோ, எந்த நாட்டுக்காரனோ! பெயர் இருந்த இடத்தில் கருவாட்டு வால் ஒட்டிக் கிழிந்துபோயிருந்தது. உடனே உன் ஞாபகம் வந்துவிட்டது. கருவாட்டு வாசனையில் உன்னை நினைப்பது உனக்குப் பிடிக்காது, தெரியும். என்ன செய்ய, நம் கதை தொடங்கியதே அப்படித்தானே.

அப்போது நமக்குப் பதினாறோ பதினேழோ. கொட்டகலைக்கு மேலே, நம் தோட்டத்தில், பக்கத்துப் பக்கத்து நிரையில் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் பகல் சோற்றுக்கு நீ ரொட்டியும் சுட்ட கருவாடும் கொண்டுவந்திருந்தாய். சுற்றியிருந்த பேப்பரில், ஏதோ ஒரு கண்டத்து நாடுகளெல்லாம் கூடிப் பந்தடித்த செய்தி இருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அஞ்சு வரை படித்த நீதான் எழுத்துக் கூட்டி வாசித்தாய். பாதியில் தாள் கிழிந்திருந்தது. யார் ஜெயித்தார்கள் என்று தெரியவில்லை. நானாக இருந்தால் ரொட்டியைத் தின்றுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். நீ மூன்று நாள் அதையே புலம்பினாய். நாலாம் நாள் காலையில், "தெரியாட்டிப் போகுது புள்ள, நாமளே ஒரு கண்டம் செஞ்சுக்குவோம்" என்றாய்.

நமக்குத் தெரிந்த பந்தாட்டம் எது? காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், ஞாயிற்றுக்கிழமை அண்ணன்மார் அடிப்பதை லயத்து வீட்டு வாசலில் நின்று பார்த்ததுதான். இறங்கி ஆட நம்மை யார் விட்டார்கள்? அதனால் நீ ஆட்டத்தைக் கொழுந்து மலைக்கே கொண்டுவந்துவிட்டாய். பக்கத்து நிரைகளில் இருந்த ஆறு பேரும் ஆறு நாடு. மற்ற நாலு பேருக்கும் தாங்கள் ஒரு நாடு என்பதே தெரியாது! நான் செருவானி. நீ மிசிலி. இந்தப் பெயர்களெல்லாம் உனக்கு எங்கிருந்துதான் வந்தன என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

சட்டத்தையும் நீதான் போட்டாய். கொழுந்து நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை றாத்தலைச் சத்தமாகச் சொல்லுவார் இல்லையா, அதில் கடைசி இலக்கம்தான் கோல். இருபத்து மூன்று றாத்தல் என்றால் மூன்று கோல். பதினெட்டு என்றால் எட்டு. கூடைக்கு, ஈரத்துக்கு என்று அவர் கழிப்பது நடுவர் போடும் தண்டனை. பாவம், ஒரு கண்டத்துக்கே தான் நடுவராக இருந்தது தெரியாமலே அந்த மனுஷன் போய்ச் சேர்ந்தார். பேச்சியக்காவின் கொரந்தா நாடு ஞாபகம் இருக்கிறதா? "இருபது!" என்று அவர் கூவியதும் பேச்சியக்காவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. நமக்கோ கொரந்தாவுக்கு மறுபடியும் முட்டை. "என்னாடி இளிக்கிறீங்க?" என்று அது திட்டும்போது நாம் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரிப்போம்.

வருசத்துக்கு ஒரு கோப்பை. அது போதாதென்று, நாம் ஆடத் தொடங்குவதற்கு முன்னால் நடந்த போட்டிகளையும் நீ சொல்ல ஆரம்பித்தாய். முதல் போட்டியில் துணிப்பந்தாம். ஒரு வருசம் பனிமூட்டத்தில் பந்து காணாமல் போய், மூன்று நாள் கழித்து வேறொரு நாட்டில் அகப்பட்டதால் கோலையும் அந்த நாட்டுக்கே கொடுத்துவிட்டார்களாம். எல்லாப் போட்டியிலும் உன் மிசிலி தோற்றது. "உன் நாட்டை நீயே ஏன்டி தோக்க வைக்கிற?" என்று கேட்டேன். "நடந்ததைத்தானே சொல்ல முடியும்" என்று அவ்வளவு நிசமாகச் சொன்னாய். இன்னொரு நாள் சொன்னாய்: "நாடுன்னா பாட்டன் காலத்துக் கதை இருக்கணும் புள்ள. இல்லாட்டி எவன் நம்புவான்?"

அதை நீ சொன்னது உன் அப்பா சர்க்கார் கந்தோருக்குப் போய்வந்ததற்கு முன்னா, பின்னா? எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. பிரஜாவுரிமை கேட்டுப் போன மனுஷனிடம், அப்பன் பிறந்த சீட்டும் பாட்டன் பிறந்த சீட்டும் எங்கே என்று கேட்டார்கள். "பொறந்த சீட்டு இல்லீங்க. பொதச்ச எடத்தை வேணும்னா காட்டுறேன்" என்றாராம் உன் அப்பா. அதெல்லாம் அங்கே செல்லவில்லை. கொஞ்ச வருசம் இழுத்தடித்து, கடைசியில் இந்தியாவுக்கே போவதென்று உன் வீட்டில் பாஸ்போட் எடுத்துவிட்டார்கள்.

நீ தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்த கடைசி நாள். அந்த வருசக் கோப்பைக்குக் கடைசி ஆட்டம் மிசிலிக்கும் செருவானிக்கும், அந்திக் கொழுந்து நிறுவையில். அத்தனை வருசத்தில் மிசிலி கோப்பையைத் தொட்டதே இல்லை. அன்றைக்காவது நீ ஜெயித்துவிட்டுப் போக வேண்டும் என்று எனக்கு ஆசை. தாயே, ஒரு தடவை என்று மாடசாமி கல்லைப் பார்த்துக்கூட வேண்டிக்கொண்டேன், சாமியின் பெயரையே மாற்றி!

நிறுவைக்குக் கொஞ்சம் முன்னால் நீ பீலிக்குத் தண்ணீர் குடிக்கப் போனாய். உன் கூடையைப் பார்த்தேன். பதினேழு றாத்தல் இருக்கும் போலத் தெரிந்தது. என்னிடம் பதினெட்டு. ஒரு றாத்தல் இங்கிருந்து அங்கே போனால் உனக்கு எட்டு, எனக்கு ஏழு. பெரிய கெட்டிக்காரி மாதிரி என் கூடையிலிருந்து நாலைந்து கை அள்ளி உன் கூடையில் போட்டு, மேலாகக் கிளறியும் விட்டேன்.

கூடையைத் தூக்கிப் பார்த்தே றாத்தல் சொல்லுகிறவள் நீதான், நான் இல்லை. அதை அந்த நேரத்தில் மறந்துவிட்டேன்.

கணக்கப்பிள்ளை என் கூடையை நிறுத்து, "பதினேழு" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். அடுத்து உன்னுடையது. "இருபது!" பேச்சியக்கா கைதட்டினாள். ஏழுக்கு முட்டை. நீ உன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "பீலிக்குப் போறப்ப தூக்கிப் பாத்தேன் புள்ள, பத்தொம்பதுதான் இருந்துச்சு. என் கை இப்படிப் பொய் சொல்லிருச்சே" என்றாய். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அழுதிருப்பேன். கொட்டகலை ஸ்டேசனில் உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு கதறியபோதும் சொல்லவில்லை. கூடலூரிலிருந்து நீ போட்ட கடிதத்தில், "இங்க கிலோவாம் புள்ள, என் கைக்கு ஒண்ணும் புடிபடல" என்று எழுதியிருந்தாய். பதிலில் நான் இங்கத்து மழையைப் பற்றி எழுதினேன். எவ்வளவு பெரிய கோழை பார் நான்.

போன மாதம் உன் மகன் நீ கண்ணை மூடிவிட்டதாக எழுதியிருந்தான். அதில் ஒரு வரி. அங்கே கூட வேலை செய்தவர்கள் கூடையைத் தூக்கிப் பார்த்து எடை சொல்லச் சொன்னால், "என் கை பொய்க் கை" என்று சிரித்துவிட்டு விலகிப் போவாயாம். அம்மா ஏன் அப்படிச் சொல்லுவார்கள், உங்களுக்குத் தெரியுமா அத்தை என்று என்னிடம் கேட்கிறான்.

உன் மகனுக்கு நாளைக்கு எழுதுவேன். முதலில் உனக்கு. உன் கூடையில் பத்தொன்பதுதான் இருந்தது புள்ள. இருபதாக்கினது நான். மிசிலி ஒன்பது, செருவானி எட்டு. அன்றைக்குக் கோப்பை உன்னுடையது. அப்போதே சொல்லியிருந்தால், "அடி பாவி மகளே" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டு நீ சிரித்திருப்பாய். வாங்காத அந்த அடியைத்தான் இத்தனை வருசமும் முதுகில் சுமந்துகொண்டு திரிகிறேன்.