எக்ஸாஸ்ட் ஃபேன் கேட்டவளுக்கு

புத்தூரில் சாக்கடையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே போகும் அந்தச் சாலையில் எல்லோரும் துப்பட்டாவாலும் கைக்குட்டையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் மட்டும் நின்றுவிட்டேன். அழுகிய முட்டை நாற்றம். ஓரமாக ஆட்டோவை நிறுத்தியிருந்தவர், "என்னங்கம்மா, மயக்கமா வருதா? தண்ணி வேணுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அந்த நாற்றத்தோடு உன் கெமிஸ்ட்ரி லேப் முழுவதும் வந்து நிற்கிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. இருந்தபோதும் எழுதியதில்லை, தேவைப்படவில்லை. தினமும் காலையில் ஸ்ரீரங்கத்தில் ஒரே ஸ்டாப்பில் பஸ் ஏறி, அந்த அரசுக் கல்லூரி வாசலில் ஒன்றாக இறங்கினோம். நீ வேதியியல், நான் வரலாறு. இருவருக்கும் பதவி ஒன்றுதான், கௌரவ விரிவுரையாளர். "கௌரவம் மட்டும் மாசா மாசம் கரெக்டா வருதுடி, சம்பளம்தான் வரமாட்டேங்குது" என்று பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ சத்தமாகச் சொல்வாய். முன்னால் நிற்கும் நம் மாணவிகள் சிரிப்பை அடக்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

உன் லேபில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடாது. நாம் வேலையில் சேர்வதற்கு முன்பே அதன் மோட்டார் எரிந்துவிட்டிருந்தது. ஜன்னல்கள் துருவேறி இறுகிக் கிடந்தன. உப்புகளைச் சோதிக்கும் வகுப்பு என்றால், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் அந்த வாயுவைத் தயாரித்தாக வேண்டும். அது வெறும் நாற்றமில்லை, விஷம் என்று எனக்குச் சொன்னதே நீதான். வருடா வருடம் முதல்வர் அறைக்குப் போவாய். "மேல எழுதியிருக்கோம்மா, ஃபண்ட் வரல" என்பார் அவர். அவருடைய அறையில் ஏசி போட்டார்கள். கல்லூரி முகப்புக்குப் புது வளைவு கட்டினார்கள். வளைவின் திறப்பு விழாவில் நன்றியுரை சொல்ல உன்னைத்தான் கூப்பிட்டார்கள். உனக்குக் குரல் நன்றாக இருக்கிறதாம்.

பிறகு ஒரு நாள் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். மாணவர் குறைவாக உள்ள பாடங்களைக் கட்டண வகுப்பாக மாற்றலாமா என்று கேட்க ஒரு குழு வந்திருந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த தலைவர் வாயில் முந்திரியைப் போட்டபடியே, "பி.எஸ்சி கெமிஸ்ட்ரி படிச்சவங்க கடைசியில என்னதான் ஆகுறாங்க?" என்று கேட்டார். நீ எழுந்தாய்.

"என்ன ஆகுறாங்கன்னு கேக்குறீங்க சார். முசிறில வாழைக்குக் கூலி போற அம்மாவோட பொண்ணு இங்க வந்து படிக்குது. அரியமங்கலத்துல லேத் ஓட்டுறவர் பொண்ணு படிக்குது. கட்டணம்னு ஒண்ணு வெச்சா, இவங்க என்ன ஆவாங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். மேட்டூர்ல தண்ணி திறக்குறப்ப எந்த வயல் எவ்ளோ லாபம் தரும்னு கேட்டுட்டா திறக்குறீங்க? படிப்பும் அப்படித்தாங்க. சயின்ஸ் மட்டும் இல்ல, இவ எடுக்குற வரலாறும்தான், தமிழும்தான். சர்க்கார் செலவு பண்ணலைன்னா, அப்பன் கையில காசு இருக்குறவன் மட்டும்தான் யோசிக்கப் பழகுவான்."

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நல்லா பேசுறீங்களே மேடம், பட்டிமன்றத்துக்கெல்லாம் போறதுண்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நம் சக ஆசிரியர்களும்தான். சிரித்ததில் முதல்வருக்குப் புரையேறிவிட்டது. நீ எக்ஸாஸ்ட் ஃபேனைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது மைக் அடுத்தவர் கைக்குப் போயிருந்தது. உட்காரச் சொன்னார்கள், நீ உட்காரவில்லை.

அதற்கடுத்த பருவத்தில்தான் அது நடந்தது. வாயு தயாரிக்கும் கண்ணாடிக் கருவியின் திருகு பழசாகிச் சிக்கிக்கொண்டது. மூட முடியவில்லை. முதலில் மயங்கி விழுந்தவள் மலர்க்கொடி, நீ கூட்டத்தில் சொன்ன அந்த லேத் ஓட்டுபவரின் மகள். அவளைத் தரதரவென்று இழுத்து வந்து வராந்தாவில் போட்டாய். மற்ற பெண்களை விரட்டி வெளியேற்றினாய். பிறகு, பக்கத்து வகுப்புக்கும் வாயு பரவிவிடும் என்று திருகை மூட மறுபடி உள்ளே போனாய். நான் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது நீ வாசற்படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாய். "மூடிட்டேன்டி" என்றாய். உதடு நீலமாக இருந்தது.

விசாரணை வைத்தார்கள். கருவி எந்தக் காலத்தது, ஃபேன் ஏன் ஓடவில்லை, ஜன்னல் ஏன் திறக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. "போதிய காற்றோட்டத்தை உறுதி செய்யத் தவறியவர் வகுப்பு ஆசிரியரே" என்று எழுதினார்கள். காற்றோட்டம் கேட்டு வருடக்கணக்கில் நடந்தவள் மேல், காற்றோட்டம் இல்லாத குற்றம். இதைவிட அழகாக ஒருவரை அவமானப்படுத்த முடியாது. அதற்குச் சாட்சியும் வைத்துக்கொண்டார்கள். மலர்க்கொடி உள்ளே போய், "மேடம் ஜன்னலைத் திறக்கச் சொல்லல, அவங்க ஃபோன் பேசிட்டு இருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, கதவருகே காத்திருந்த நம்மைப் பார்க்காமல் தலைகுனிந்து வெளியே போனாள்.

நான் அவள் பின்னால் ஓடப் பார்த்தேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"விடுடி. அவ டிகிரி வாங்கணும்ல."

"பொய் சொல்லிட்டுப் போறா. அவளைத் தூக்கிட்டு வந்தது நீ!"

"டிசி குடுக்க மாட்டோம்னு மிரட்டியிருப்பாங்க. அந்த வீட்டுல படிக்கிற முதல் ஆளு அவ. அவகிட்ட எதுவும் கேக்காத."

உன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. தில்லை நகரில் ஒரு நீட் கோச்சிங் சென்டரில் சேர்ந்தாய். கண்ணாடி அறை, குளிர்பதனம், கையில் மார்க்கர். லேபே கிடையாது. "இங்க எந்த வாயுவும் வராதுடி, அதைப் பத்தி நாலு ஆப்ஷன் மட்டும்தான் வரும்" என்று சொல்லிச் சிரிக்கப்போய் இருமினாய். அந்த இருமல் நிற்கவே இல்லை. பாடம் நடத்தும்போது இருமுகிறாய், வீடியோவில் பதிவாகிறது என்று அவர்களும் உன்னை நிறுத்திவிட்டார்கள்.

ஸ்ரீரங்கத்தில் உன் வீட்டுக்கார மாமி நல்லவர். வெந்நீரும் கஷாயமும் கொண்டுவந்து வைப்பார். ஆனால் போகும்போதெல்லாம், "பெருமாள் சோதிக்கறார்டி குழந்தே, எல்லாம் பிராரப்தம்" என்பார். அவர் கதவைச் சாத்திய பிறகு நீ மூச்சு வாங்கியபடி சொல்வாய்: "ஃபேனுக்குப் பெருமாளா டெண்டர் விடல?" நான் சிரித்துவிடுவேன். கடைசி வாரங்களில் சிரிக்க முடியவில்லை. உன் நுரையீரல் நார் நாராக இறுகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மூக்கில் குழாயோடு நீ, உன் பாதியில் நின்ற பிஎச்.டி பற்றியே கவலைப்பட்டாய். அதற்கான உதவித்தொகையும் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. ஒரு மதியம், நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும்போதே, எதுவும் சொல்லாமல் போய்விட்டாய்.

கல்லூரியில் உனக்கு இரங்கல் கூட்டம் நடந்தது. உன்னைப் பார்த்துச் சிரித்துப் புரையேறிய அதே முதல்வர், "வேதியியலுக்காகவே வாழ்ந்து தன்னையே தியாகம் செய்த தகைசால் ஆசிரியை" என்றார். உன் படத்துக்கு மாலை போட்டார்கள். அந்தப் படம் வளைவுத் திறப்பு விழாவில் நீ நன்றியுரை சொன்னபோது எடுத்தது. அந்த வாரமே லேபைப் பூட்டினார்கள். பாதுகாப்பு இல்லையாம். இலவச வேதியியல் வகுப்பு நின்றது. மாலையில் கட்டண வகுப்பு என்று அறிவிப்பு ஒட்டினார்கள். அதற்கு மட்டும் புது லேப் வந்தது, புது ஃபேனோடு. எந்த ஃபண்டில் வந்தது என்று கேட்டேன். "அது வேற ஹெட்டுங்க, கட்டண வகுப்புக் கணக்கு" என்றார் அலுவலகத்தில் இருந்தவர்.

மலர்க்கொடியை நான் தேடிப் போகவில்லை. அவளாகவே வீட்டுக்கு வந்தாள். ஒரு க்ளினிக்கில் பில் போடும் வேலையாம். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வா" என்றேன்.

"வர்றதுக்கு மூஞ்சி இல்லைங்க மேடம். டிசி தரமாட்டோம்னு சொன்னாங்க. அப்பா அந்த வாரம் பட்டறைக்கே போகாம அழுதுட்டு இருந்தாரு. சொல்லிக் குடுத்ததச் சொல்லிட்டேன்."

உன்னை நினைத்துத்தான் நான் அவளைத் திட்டவில்லை. ஆனால், உண்மையைச் சொல்கிறேன், ஆறுதலும் சொல்லவில்லை. "என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? வரலாற்றையும் கட்டண வகுப்பா மாத்தப் போறாங்க. போன தடவை மாதிரியே கூட்டம் வெச்சிருக்காங்க. அங்க வந்து சொல்றியா?" என்று கேட்டேன். "வரேங்க" என்றாள்.

வந்தாள். அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் முறை வந்ததும் எழுந்து, "கெமிஸ்ட்ரி மேடம் மேல நான் சொன்னது பொய்ங்க. அவங்கதான் என்னைக் காப்பாத்துனாங்க. ஃபேன் இல்லாமத்தான் அவங்க செத்தாங்க" என்றாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. புதுத் தலைவர், "இது இன்னைக்கு அஜெண்டாவுல இல்லம்மா, உட்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை. பக்கத்தில் நானும் எழுந்து நின்றேன். அவள் அப்பாவும் எழுந்தார். தலைவர் முதல்வரிடம் ஏதோ கிசுகிசுத்துவிட்டு, பெரிய மனதோடு, "சரி, அந்த மேடம் பேர்ல ஒரு விருது வெச்சுடலாம். கட்டண வகுப்புல முதல் மார்க் வாங்குறவங்களுக்கு. போதுமா?" என்றார்.

சிலர் கைதட்டினார்கள்.

"விருது வேணாங்க சார்" என்றாள் மலர்க்கொடி. "கட்டணத்த எடுங்க. என் தங்கச்சி ப்ளஸ் டூ முடிச்சிருக்கா."

டீ இடைவேளை என்று அறிவித்தார்கள். எல்லோரும் கலைந்து போனார்கள். நாங்கள் மூவரும் போகவில்லை. அவர்கள் திரும்பி வந்து உட்காரும்வரை அதே இடத்தில் நின்றோம். எனக்கு இந்த வருடம் ஒப்பந்தம் வராது, தெரியும். மலர்க்கொடியின் அப்பா மட்டும் என் பக்கம் குனிந்து, "அவங்க வந்ததும் நான் பேசலாங்களா மேடம்? எனக்குப் படிப்பு கிடையாது" என்று கேட்டார்.

"நீங்கதாங்க பேசணும்" என்றேன். உன்னிடமிருந்து எடுத்து வைத்திருப்பது இது ஒன்றுதான்: உட்காரச் சொன்னால் உட்காராமல் இருப்பது.