சிவப்பு அங்கியில் கேட்ட மன்னிப்பு

அன்புள்ள யூசெனுக்கு,

ஷென்யாங்கிலிருந்து அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், டொராண்டோவில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே கோபம் வந்து வைத்துவிடுவேன், அதனால்தான் காகிதம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை, ஆனாலும் அவள் இப்போது மாடிப்படி ஏறி இறங்குகிறாள், அதற்குக் காரணம் இருக்கிறது.

கடைவீதியில் புதிதாகத் திறந்த பெரிய வணிக வளாகத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட ஆள் தேடினார்கள். நம் ஊரில் அந்தத் தாத்தா கையில் சாக்ஸபோன் இல்லாமல் நிற்பதில்லை, ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை. ஆலையின் பேண்டு வாத்தியக் குழுவில் இருபது வருஷம் அதை ஊதியவன் நான், வீட்டில் சும்மா இருப்பதற்குப் போவோமே என்று போனேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. சாமி கும்பிட வந்த கூட்டமில்லை, எல்லாம் ஜோடி ஜோடியாகச் சிறுசுகள், தலையில் துணி மான்கொம்பு, கையில் அந்த நாளுக்கென்றே விற்கிற ஜிகினாத்தாள் சுற்றிய ஆப்பிள், கிறிஸ்துமஸ் மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டு சாப்பாட்டுக் கடைக்கு வரிசை கட்டினார்கள்.

அந்த நெரிசலில் ஒரு பையன் என் அங்கியைப் பிடித்து இழுத்து, "தாத்தா, இது நிஜத் தாடியா?" என்றான். பார்த்தால் உன் மகன் டோடோ. மூன்றரை வருஷமாகப் பார்க்காத முகம், ஆனாலும் உன் காது, உன் நெற்றி, தப்புமா? யாரோடு வந்தாய் என்று கேட்டேன். "அப்பாவோட" என்றான். ஒரு கணம், நீதான் சொல்லாமல் வந்துவிட்டாயோ என்று திரும்பிப் பார்த்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பேருந்து ஓட்டுநர் சீருடையில் ஒருவர் நின்றார், பெயர் பெய் என்று பின்னால் தெரிந்தது. வெந்நீர்க் குடுவையை நீட்டி, "பெரியவரே, எவ்வளவு நேரமா நிக்கிறீங்க, ரெண்டு வாய் குடிங்க" என்றார். குடிப்பதற்காகத் தாடியை இறக்கினேன். அந்த நேரம் பார்த்து உன் பழைய மனைவி ஷுயுன் வந்து நின்றாள்.

இருவரையும் ஆப்பிள் வாங்கி வர அனுப்பிவிட்டு என்னிடம் பேசினாள். மாமா என்று கூப்பிடவில்லை. "என் வாசல்ல நின்னு, புருஷனைத் துரத்தினவள்னு என்னைத் திட்டினீங்களே, ஞாபகம் இருக்கா? புள்ளைக்குக் காய்ச்சல் ஏறி உடம்பு தூக்கிப் போட்டுச்சு. பதினோரு தடவை போன் அடிச்சேன். உங்க மகன் நம்பரையே மாத்திட்டார்" என்றாள். அவள்தான் உன்னோடு உறவை அறுத்துக்கொண்டாள் என்று நீ சொன்னதை நம்பித்தான் நான் அங்கே போய்க் கத்தினேன், யூசென். அந்தச் சிவப்பு அங்கியோடு, அவ்வளவு பேர் நடுவில் கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். வேடிக்கை காட்டுகிறேன் என்று நினைத்து நாலு பேர் படம் பிடித்தார்கள்.

அவள் அழவில்லை. ஆப்பிள் கடை வரிசையில் நின்ற பெய்யைக் கையால் காட்டினாள். "ஞாயித்துக்கிழமை அத்தையோட வாங்க. ஆனா அவனுக்கு அப்பா இவர்தான். உங்க மகன் பேச்சை என் வீட்ல எடுக்கக் கூடாது" என்றாள். சரி என்றேன், யோசிக்கக்கூட இல்லை.

போன ஞாயிறு போனோம். அவர்கள் வீடு நாலாவது மாடி, அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஏறிவிட்டாள். பெய் கொழுக்கட்டை வேகவைத்தார், அம்மா டோடோவுக்கு ஊட்டினாள். திடீரென்று அவன், "தாத்தா, உங்களுக்குப் பசங்க யாரும் இல்லையா?" என்று கேட்டான். இல்லை என்றேன். அம்மா தலை நிமிரவில்லை, இன்னொரு கொழுக்கட்டையை எடுத்து அவன் கிண்ணத்தில் வைத்தாள்.

நீ அனுப்பிய சட்டை வந்து சேர்ந்தது. அது மூன்று வயதுக் குழந்தைக்கான அளவு, டோடோவுக்கு ஏழு நடக்கிறது. இனி எதுவும் அனுப்பாதே, அந்த வீட்டுக்கு எழுதவும் செய்யாதே, அங்கே போகிற வழியை எங்களுக்கு அடைத்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. நீ எங்கிருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன், அம்மாவும் அதையே எழுதச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
குவான் டெலின்