கிரவுண்ட் என்றால் நிலம்

கல்முனைக்குடி
வியாழன்

இல்லை மகள், வாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்றும் நீ அதைத்தான் கேட்டாய், சோறு அடிப்பிடிக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். எல்லாரும் ஸ்பீக்கரில் கதைக்கிற வீட்டில் எதைச் சொல்ல. அதனால்தான் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும், ஜெனூபா. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம். மனதைப் பற்றி இப்போது கேட்காதே. கொழும்புப் பக்கம் இரத்மலானையில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

எல்லாம் அந்த ஒரு சொல்லால் வந்தது. கிரவுண்ட் ஸ்கூல் தொடங்கிவிட்டது வாப்பா என்று போனில் சொன்னாய். விமானம் ஓட்ட முன்பு வகுப்பில் இருந்து படிக்கிற பாடம் அது என்று அவருக்கு எப்படித் தெரியும். கிரவுண்ட் மட்டும் காதில் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், நிலத்திலதானே வேலை என்றார். டிக்கெட் பார்க்கிற, பெட்டி நிறுக்கிற வேலை என்று எடுத்துக்கொண்டார். நீ சிரித்தாய். நான் கறியைக் கிண்டினேன். அன்று அவர் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டார். முஸ்தாக் சாச்சாவைக் கடல் கொண்டுபோனபோது நீ சின்னப்பிள்ளை. அடக்க ஜனாஸா கூடக் கிடைக்கவில்லை. தம்பிக்குப் பிறகு வாப்பா தோணியில் கால் வைக்கவில்லை, ஹார்ட்வெயார் கடை போட்டார். கால் நிலத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு.

ஆறுதலாக ஒரு நாள் சொல்லியிருப்பேன். ஆனால் போன கிழமை மீராசாவின் பெண்சாதி மகனுக்கு உன்னைப் பெண் பேச வந்த இடத்தில், பிள்ளை ஏரோப்பிளேன் ஓட்டப் போகுதாமே, ஊரில் கதைக்கிறார்களே என்று கேட்டாள். வாப்பா சிரித்தார். "ஆரு சொன்ன? அது கிரவுண்ட் ஸ்கூல். பேரிலயே நிலம் இரிக்கி. நான் பொறுப்பு" என்றார். நான் பொறுப்பு. ஞாயிறு பேச்சை முடிக்க வருகிறார்கள். மாப்பிள்ளை எல்லாம் தெரிந்து சம்மதித்தால்தான் உனக்கும் சம்மதம் என்கிறாய், சரிதான். அதற்குள் சொல்ல வேண்டும். சொன்னால் வாப்பா அடுத்த பஸ் ஏறிப் போய் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாரோ என்று பயம். சொல்லாவிட்டால் அவருடைய வார்த்தை பொய்யாகும். இரண்டுக்கும் நடுவில் நான் பாத்திரம் கழுவுகிறேன். கழுவினதையே கழுவுகிறேன்.

கலியாணச் சீதனமாக உனக்குக் கட்டுகிற வீட்டின் சுவர் ஜன்னலுக்கு மேலே வந்துவிட்டது. சீமெந்து வெடிக்காமல் வாப்பாதான் பின்னேரத்தில் தண்ணீர் அடிக்கிறார். வேறு யாரையும் விடமாட்டார்.

காற்று, முகில் பற்றிய பாடம் கஷ்டம் என்றாய். விளங்காவிட்டால் திரும்பக் கேள், ஆண்பிள்ளைகள் சிரித்தால் சிரிக்கட்டும். வாகனம் ஏறும்போது ஓதுகிற துஆ விமானத்துக்கும் போதுமா என்று பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டேன், யாருக்கென்று சொல்லவில்லை. போதுமாம். மக்காவுக்கு உம்றாவுக்கா போறீங்க என்று கேட்டார். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ரத்தம் கூடுவதற்கு டாக்டர் தந்த குளிசையைப் போட மறக்காதே. ஏற்றுகிற அல்லாஹ் உன்னைப் பத்திரமாக இறக்கியும் தரட்டும்.

உன் உம்மா
ஸுல்பிகா

கையெழுத்துப் போட்டுவிட்டுப் புது வீட்டுக்குப் போனேன். சொன்னேன். வாப்பா குழாயை ஒரே இடத்தில் பிடித்தபடி நின்றார், தண்ணீர் காலடியில் தேங்கியது. அப்ப கிரவுண்ட் எண்டது என்ன என்று கேட்டார். தொடங்குவது மட்டும்தான் நிலத்தில் என்றேன். "காத்து மாறி முஸ்தாக்குக்குத் திரும்ப ஏலாமப் போச்சு. மேல வானத்துல மாறினா இவள் என்ன செய்வாள்?" என்றார். அதைத்தான் இப்போது படிக்கிறாள் என்றேன். குழாயைக் கீழே போட்டார். பொறுப்பெண்டு சொன்ன நானே போய்ச் சொல்றன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு மீராசா வீட்டுப் பக்கம் நடந்தார். ஞாயிறு அவர்கள் வருவார்களா, தெரியாது. நான் குழாயை எடுத்து மிச்சச் சுவருக்குத் தண்ணீர் அடித்தேன்.