நங்கூரக் கயிற்றை வெட்டுவது பற்றி

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நலமா என்று ஒப்புக்குக் கேட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவுவது என் வழக்கம், இந்த முறை அந்தக் கேள்வியைத் தாண்ட முடியவில்லை. உன் அலுவலக விலாசத்துக்கே எழுதுகிறேன். வீட்டுக்கு வரும் தபாலை மாப்பிள்ளை பிரித்துப் படிக்கிறார், போனை ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார் என்று நீ முன்பே சொன்னாய். அப்போது அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

இங்கே அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, என்னோடு பேச்சுதான் இல்லை. முன்னறையில் ஆங்கில டியூஷன் வழக்கம்போல் நடக்கிறது. அக்கம்பக்கத்துக்குப் புரியக்கூடாது என்று திட்டுவதை மட்டும் ஆங்கிலத்தில் வைத்துக்கொண்ட குடும்பம் நம்முடையது, உனக்கு அந்த மொழி சரளமாக வந்ததே அப்படித்தான். போன வாரம் நீ அலுவலகத்திலிருந்து போன் செய்து, இனிமே அந்த வீட்ல இருக்க பயமா இருக்குப்பா, கிளம்பி வந்துடறேன் என்று அழுதாய். பக்கத்தில் உன் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'கட் அண்ட் ரன்' நம் குடும்பத்தில் கிடையாது என்று கம்பீரமாக ஆங்கிலத்தில் சொன்னேன். பெரியவர்களை வைத்துப் பேசி, சாமான்களைப் பிரித்துக்கொண்டு முறையாக வா என்றேன். நீ சரிப்பா என்று வைத்துவிட்டாய். அத்தை என் உச்சரிப்பைப் பாராட்டினாள்.

அதோடு விட்டேனா, மறுநாள் அந்த 'கட் அண்ட் ரன்'னையே டியூஷன் பலகையில் எழுதி, நேர்ப்பொருள் வெட்டிவிட்டு ஓடு, கஷ்டம் வந்ததும் கோழையாக ஓடிப்போவது என்று விளக்கி, உதாரண வாக்கியத்தில் ஒரு மகளை உட்கார வைத்தேன். பெயர் போடவில்லை, அந்த அளவுக்கு எனக்கு நாகரிகம் உண்டு. வகுப்பு முடிந்து பலகையைப் பார்த்த அம்மா, இதுக்கு நிஜமா அதுதான் அர்த்தமா என்றாள். அவள் வாயை அடைக்கத்தான் அலமாரியிலிருந்த தடி ஆங்கில அகராதியை எடுத்தேன். பாய்மரக் கப்பல்காரர்களின் பேச்சாம் அது. நங்கூரத்தைத் தூக்குவது லேசான காரியமில்லை, தொடைப் பருமன் கயிறு, ஒரு கூட்டமே சேர்ந்து அந்தக் கயிறு சுற்றும் உருளையைச் சுற்றிச் சுற்றித் தள்ள வேண்டும். எதிரிக் கப்பல் தலைகாட்டினாலோ, புயல் பாறைப்பக்கம் தள்ளினாலோ அதற்கு ஏது அவகாசம்? கோடரியால் கயிற்றை வெட்டிவிட்டு, பாயை விரித்து, காற்று போகிற பக்கம் ஓட வேண்டியதுதான். நங்கூரம் கடலோடு போகும், ஆட்கள் பிழைப்பார்கள். கோழை செய்கிற வேலையில்லை, தலைவன் போடுகிற உத்தரவு. கோழைத்தனம் என்ற அர்த்தம் பின்னால் ஒட்டிக்கொண்டது. கரையில் சாய்வு நாற்காலியில் இருந்த என் போன்ற யாரோ ஒட்டியிருக்க வேண்டும்.

இதை வாசித்துக் காட்டியதும் அம்மா, அப்ப நம்ம பொண்ணை நங்கூரத்தைக் கழுவித் துடைச்சு மடிச்சு எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்கீங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்துதான் பேச்சில்லை. பயந்துபோன பெண்ணிடம் பயம் எதற்கு என்று கேட்கவில்லை நான். அத்தை என்ன நினைப்பாள் என்று யோசித்தேன். இதற்கு எந்த மொழியிலும் எனக்கு நல்ல சொல் கிடைக்கவில்லை.

ஆகவே அம்மாடி, பெரியவர்கள் வேண்டாம், பேச்சுவார்த்தை வேண்டாம். பீரோ, மிக்ஸி, கல்யாண ஆல்பம் எல்லாம் அங்கேயே கிடக்கட்டும். பாஸ்போர்ட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஒருநாள் வழக்கம்போல் வேலைக்குப் போ, அங்கிருந்தே புறப்படு. உன் அறையை அம்மா ஒழித்து வைத்துவிட்டாள். மன்னிப்பை நேரில் கேட்கிறேன், கடிதத்தில் கேட்டால் நடையைத் திருத்திக்கொண்டே இருப்பேன்.

நீ பத்திரமாக வந்து சேர எங்கள் இருவரின் ஆசிகள். ஒன்றை மறக்காதே, வண்டி ஏறிய பிறகு போன் செய். அதற்கு முன்னால் யாரிடமும் சொல்லாதே, என்னிடம்கூட. நான் ஏதாவது அறிவுரை சொல்லிவிடுவேன்.

உன் அப்பா