அப்பா ஏன் எழுந்து போகிறார்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். குட்டி வரைந்து அனுப்பிய படத்தைப் பீரோ கதவில் ஒட்டி, வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்திக் காட்டுகிறேன். கீழ் வீட்டுத் தையல்காரம்மா "இது யானையா, கட்டிலா" என்று கேட்கிறாள், அவளுக்கு என்ன தெரியும்.

போன வாரம் வீடியோ காலில் நீ சொன்னது நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. "குட்டிகிட்ட மட்டும் கொஞ்சுறாரு, நான் பேசினா போனை உங்கிட்ட தள்ளிட்டு எழுந்து போயிடுறாரு, அவர் பேச்சை மீறி இவ்வளவு தூரம் வேலைக்கு வந்தேன்ல, அந்தக் கோபம் போகலை, பேசாத மனுஷனைப் பார்க்க லீவுக்கு எதுக்கு வரணும்" என்றாய். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், உன் அப்பாவின் வீம்பு எனக்குத் தெரியாததா. ஆனால் நேற்று அடுப்பில் குக்கர் விசில் மேல் விசிலாக அடிக்கிறது, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், ஆடவில்லை அசையவில்லை. பின்னால் நின்று கூப்பிட்டேன், திரும்பவில்லை. முன்னால் போய் நின்று, சத்தமே வராமல் வாயை மட்டும் அசைத்து "காபி வேணுமா" என்றேன். "சர்க்கரை கம்மியா" என்றார். அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மில்லில் தறிச் சத்தத்துக்குள்ளேயே காலம் தள்ளியவர். அங்கே பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது, எல்லாரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், மேஸ்திரியைத் திட்டுவதும் அப்படித்தான் என்று சிரிப்பாரே. காது மந்தமானதை அந்தப் பழக்கத்தை வைத்தே நம்மிடம் மறைத்துவிட்டார். குட்டி போனுக்குள் விழுந்துவிடுகிற மாதிரி முகத்தை ஒட்டிவைத்துப் பேசுகிறாள், அவள் பேச்சு அவருக்குப் புரிகிறது. நீ போனை எங்கேயோ சாய்த்துவைத்துவிட்டு அடுப்பைப் பார்த்துப் பேசுகிறாய், உன் முதுகை வைத்து அவர் என்னத்தைத் தெரிந்துகொள்வார். கேட்கவில்லை என்று சொல்ல மகளிடம் கூச்சம், ஏடாகூடமாகப் பதில் சொல்லி மாட்டிக்கொள்ளப் பயம், அதனால் எழுந்து போகிறார். ஒருத்தர் எழுந்து போனால் கோபம் என்றுதான் நமக்குத் தோன்றுகிறது, வெட்கப்பட்டும் போவார்கள் என்று தோன்றுவதில்லை.

காது டாக்டரிடம் போகலாம் என்றால் "நீ முணுமுணுக்கிறதை நிறுத்து, எல்லாம் கேட்கும்" என்கிறார். அவரைக் கூட்டிப்போவது என் பாடு. நீ தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. இனிமேல் கூப்பிடும்போது அடுப்பை அணைத்துவிட்டு, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி உட்கார்ந்து, நிதானமாகப் பேசு. கத்தாதே, கத்தினால் வாய் கோணும், அவருக்குப் புரியாது.

மூன்று பேரும் நோய் நொடியில்லாமல், ஒருத்தர் முகம் பார்த்து ஒருத்தர் நன்றாக இருங்கள். இதை எழுதும்போது அப்பா வந்து யாருக்கு என்று கேட்டார். குனிந்தபடியே சொன்னேன், மறுபடி கேட்டார். நிமிர்ந்து "உங்க மகளுக்கு" என்றேன். "லீவுக்கு வர்றாளான்னு கேட்டு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

உன் அம்மா