எங்கள் மலை அவருக்கு ஆகாது

சைத்தாமா,
ஜனவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்த வருஷம் கூரைப் பனியை யார் தள்ளுகிறார்கள்? முழங்கால் வலி குறைந்ததா?

ஒரு செய்தி. உங்கள் மகன் தகாவோ நோயில் போய் ஆறு வருஷம் ஆகிறது. வரும் வசந்தத்தில் நான் மறுமணம் செய்துகொள்ளப் போகிறேன். அவர் பெயர் நவோஹிரோ. மீன் சந்தையில் வேலை. பனிச்சறுக்குக் கட்டையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. "எங்கயாவது கூட்டிட்டுப் போயேன், விழுந்தாவது பாக்கறேன்" என்கிறார். புதிதாகப் பழகுகிறவருக்கு எந்த மலை சரி? எப்போது பனி நன்றாக இருக்கும்? இதில் உங்களைவிடத் தெரிந்தவர் யார்?

மருமகள்,
கசுமி


நீகாத்தா,
ஜனவரி 19

கசுமிக்கு,

எங்கள் மலை அவருக்கு ஆகாது. சரிவு செங்குத்து. இப்போது இடுப்பளவு புதுப்பனி; தேர்ந்தவர்களே புதைந்து போகிறார்கள். ஹொக்கைடோவில் பனி மாவு மாதிரி இருக்கும், விழுந்தால் வலிக்காது, ஆனால் குளிர் எலும்பைத் துளைக்கும். நாகானோ பக்கம் அகலமான, சாய்வு குறைந்த சரிவுகள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளே அங்கேதான் பழகுகிறார்கள். அங்கே போங்கள். விடிகாலையில் பனி கெட்டித்திருக்கும். பத்து மணிக்கு மேல் இறங்கச் சொல்.

இங்கே என் விடுதியில் ஆறு அறையும் நிறைந்திருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தொமியே


சைத்தாமா,
ஜனவரி 27

அம்மாவுக்கு,

புரிந்துகொண்டேன். நம்மில் யாரும் முகத்துக்கு நேரே 'வராதே' என்பதில்லை. அறை இல்லை என்றுதான் சொல்வோம்.

பத்து வருஷம் என்னை மகளாக வைத்திருந்தீர்கள். அதற்கு நன்றி. தகாவோவின் படத்துக்கு என் பங்குக்கும் ஊதுபத்தி ஏற்றுங்கள். நாங்கள் நாகானோவுக்கே போகிறோம். இனிக் கடிதம் எழுதி உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.

கசுமி


நீகாத்தா,
பிப்ரவரி 2

கசுமிக்கு,

உன் கடிதத்தை, சறுக்க வருபவர்களை மலையேற்றும் லிஃப்ட் ஓட்டும் யசோகிச்சியிடம் காட்டி நியாயம் கேட்டேன். அவன் சிரித்தான். "ஆறு ரூமும் நெறஞ்சிருக்கா? நேத்து உங்க வாசல்ல ஒத்தை ஜோடி செருப்புதான் கெடந்துச்சு! வயசாகியும் ஒரு பொய் ஒழுங்காச் சொல்ல வரலையேக்கா!"

சரிவு செங்குத்து என்றது உண்மை. அறை இல்லை என்றது பொய். தகாவோ சறுக்கி இறங்கிய இடத்தில் இன்னொருவர் இறங்குவதைப் பார்க்க என்னால் ஆகுமா என்று தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை. மனசு களைத்துப்போயிருக்கிறது, மகளே. ஆனால் நீ இனி எழுத மாட்டேன் என்றாயே, அதைத் தாங்கவும் தெம்பில்லை.

மார்ச் பாதிக்குமேல் இங்கே பனி ஈரமாகிக் கனத்துவிடும். தேர்ந்தவர்கள் முகம் சுளித்துப் போய்விடுவார்கள். கீழ்ச்சரிவில் வேகமே பிடிக்காது. உன் மீன்காரர் ஆசை தீர விழலாம்.

அவருடைய கால் அளவை எழுது. மாடியில் ஒரு ஜோடி சறுக்குப் பூட்ஸ் இருக்கிறது, இருபத்தேழு சென்டிமீட்டர். இதுவரை எந்த விருந்தாளிக்கும் அதைக் கொடுத்ததில்லை.

அம்மா